ஆளில்லாத முன்வாங்கு

மகனுக்கு,

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்ன செய்திக்கு நான் "ஓம், பிறகு கதைப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். குருப்பட்டம் பெறப்போகிற பிள்ளை, ஆயர் தன்னை, தான் பிறந்து வளர்ந்த சபைக்கே குருவாக அனுப்ப யோசிக்கிறார் என்று சந்தோசமாகச் சொல்கிறான். தாய், யாரோ கருவாட்டு விலை கேட்டது போலப் பதில் சொல்கிறாள். உனக்கு அது உறைத்திருக்கும். எனக்கு அன்றைக்கு வாய் எழும்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதில் என் பிழையும் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தின் பின்பாதியில்தான் எழுதுவேன். முன்னுக்கே எழுதினால் நீ மிச்சத்தை வாசிக்க மாட்டாய். முப்பது வருசமாகக் கருவாடு விற்கிறவள் நான். எந்தச் சரக்கை எப்போது வெளியில் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் உன்னுடைய சபையைப் பற்றி. நீ அதை மிகவும் விரும்புகிறாய். கண்டிப் பக்கம் இறையியல் படிக்கப் போனபோது, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சபையார் அச்சடித்து அனுப்பிய ஆண்டுமலரை உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனாய். வழுவழுப்பான தாளில் கோயிலின் சரித்திரம், நடுவில் கலர்ப் படங்கள். நானும் அதை ஒருதரம் வாசித்தேன். சாக்கின் மேற்பக்கம் நாலு நல்ல கட்டாக் கருவாட்டை அடுக்கி, அடியில் உடைந்த சூடைக் கருவாட்டைக் கொட்டித் தைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்த மலரைச் செய்தவர்களும் அப்படியான ஆட்கள்தான். நான் சாக்கை வாங்கினால் நிலத்தில் கவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பேன். இதையும் அப்படிக் கொட்டுகிறேன், பார்.

எங்கள் தீவில் காணிபூமி செய்கிறவர்கள் சைவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் கத்தோலிக்கர். இரண்டுக்கும் நடுவில் இந்த அங்கிலிக்கன் சபை எப்படி முளைத்தது என்று நீ யோசித்திருப்பாயா தெரியாது. ஊர்ச்சனம் இன்றைக்கும் அதை இங்கிலீசுக் கோயில் என்றுதான் சொல்கிறது. உள்ளே இங்கிலீசு தெரிந்தவர்கள் இரண்டே பேர், வார்டனாக இருக்கிற செல்லத்துரை மாஸ்டரும் அவருடைய மனைவி ரீச்சரும். அதுவும் அவர்களுக்குள் சண்டை வந்தால்தான் வெளியில் வரும். ஆனாலும் அந்தப் பேர் பொருத்தமான பேர். வெள்ளைக்காரப் பாதிரியார் யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் வந்து, ஓலைக்கொட்டில் ஒன்றில் இங்கிலீசுப் பள்ளிக்கூடம் வைத்தார். நாங்கள் காணிவீட்டார் என்று சொல்கிற குடும்பம், ஊரில் பாதியைத் தங்கள் பேரில் வைத்திருந்த குடும்பம், பிள்ளைகளை அனுப்பியது. மலாயாவில் றெயில்வே உத்தியோகத்துக்கு இங்கிலீசு வேண்டும், இங்கிலீசுக்குப் பாதிரியார் வேண்டும், பாதிரியாருக்கு ஞானஸ்நானம் வேண்டும். விண்ணப்பத்தோடு சேர்க்கிற இன்னொரு தாள் மாதிரி அதையும் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு காலை கோயிலில் பாட்டு, வெள்ளி பின்னேரம் வீட்டில் பழைய விளக்கு. மலர் இதைக் கர்த்தரின் அழைப்பு என்கிறது. அழைத்தது றெயில்வே.

கோயில் கட்டுவதற்கு அவர்கள் 'தாராள உள்ளத்துடன்' காணி கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் காணியில் இன்றைக்கும் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத்தண்ணி. ஆடு கட்டினால் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும், மேய அங்கே ஒன்றும் இல்லை. அதைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒன்று கேட்டார்கள்: கோயிலுக்குள் சனம் இருக்கிற நீட்டு மர வாங்குகளில் முதல் வாங்கு தங்கள் குடும்பத்துக்கு, தலைமுறை தலைமுறையாக. இரண்டாம் வாங்கு அவர்களுக்குப் பெண் கொடுத்து எடுத்த வாத்திமார் குடும்பங்களுக்கு. மாஸ்டர் அந்த இரண்டாம் வாங்கு. சுவருக்கு முருகைக்கல்லைக் கடலில் இறங்கிக் கிண்டி, தலையில் சுமந்து கொண்டுவந்து, சுண்ணாம்பும் சுட்டுக் கொடுத்தது, அவர்களிடம் கூலிக்கு நின்ற எங்கள் ஆட்கள். என் தகப்பனின் தகப்பன் அதில் ஒருவர். முருகைக்கல் வெட்டிய தழும்பு அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் கடைசிவரை இருந்ததாம். மலரில் அவர்களுக்கு இரண்டு சொல் கிடைத்திருக்கிறது: 'ஊரவர் ஒத்துழைப்புடன்'.

கட்டி முடித்த பிறகுதான் சிக்கல் வந்தது. திருவிருந்துக்குக் கிண்ணம் ஒன்று. கல் சுமந்தவனும் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறான், அவனும் அதில் வாய் வைப்பான். முன்வாங்கார் இரண்டாவது கிண்ணம் ஒன்று கேட்டார்கள். பாதிரியார் முடியாது என்று நின்றார். மாதக்கணக்காக இழுத்துப் பேசிக் கடைசியில் முடிவுக்கு வந்தார்கள்: கிண்ணம் ஒன்றுதான், ஆனால் முறை இருக்கும். முதலில் முன்வாங்கு எழும்பிப் போய் வாங்கும். அவர்கள் திரும்பிவந்து இருந்த பிறகு இரண்டாம் வாங்கு. அதுவும் முடிந்த பிறகு மற்ற ஆட்கள். பாதிரியார் தான் வென்றதாகச் சீமைக்குக் கடிதம் எழுதியிருப்பார். முன்வாங்கார் தாங்கள் வென்றதாக வீட்டில் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆட்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், குனிந்துகொண்டு ஓம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மேலும் எனக்கு மதிப்புக் கிடையாது, இதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கோயில் வளர்ந்தது. ஓலை போய் ஓடு வந்தது, மணிக்கூண்டு வந்தது, ஆர்மோனியம் வந்தது, குரு உடுப்பு மாற்ற ஒரு சின்ன அறையும் வந்தது. ஆட்கள் மட்டும் வளரவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு மதம் தேவையில்லை என்று ஆன நாளிலிருந்து ஒரு புதுக் குடும்பமும் சேர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. முன்வாங்குப் பிள்ளைகள் மலாயாவுக்குப் போனார்கள், கொழும்புக்குப் போனார்கள், பிறகு லண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் போனார்கள். போனவர்கள் தங்கள் பேர் வெட்டிய ஏதாவது ஒரு சாமானைக் கோயிலுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். சுவரில் இடம் முடிந்து, இப்போது மின்காற்றாடிகளில் எழுதுகிறார்கள். பதினாலு பேர் வருகிற கோயிலுக்கு எட்டுக் காற்றாடி. ஒவ்வொரு இதழிலும் ஒரு செத்தவரின் பேர். காற்று வேண்டுமென்றால் பேரை வாசிக்க ஏலாது, பேரை வாசிக்க வேண்டுமென்றால் வேர்க்கவேண்டும்.

தீவுக்குள் ஆமி இறங்கினபோது சைவர், வேதக்காரர் என்றில்லாமல் எல்லாரும் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். நீ அப்போது பிறக்கவில்லை. எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். காலையில் ஒரு பெரிய கிடாரத்தில் கஞ்சி, ஒரு வரிசை. செல்லத்துரை மாஸ்டர் எனக்குப் பின்னால் பீங்கானோடு நின்றார். "பிள்ளை, கொஞ்சம் கெதியா நடவும், முடிஞ்சிடும்" என்றார். அவர் என்னோடு பேசிய பேச்சுகளில் எனக்கு மறக்காதது அது. அங்கே முறை இல்லை, முந்தி வந்தவர் முந்தி. ஒரே அகப்பையால் அவருக்கும் வார்த்தார்கள், எனக்கும் வார்த்தார்கள். அவர் குடித்துவிட்டுப் பீங்கானை வழித்து நக்கியதை நான் பார்த்தேன். எங்கள் சபை உண்மையாகவே சபையாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். மலரில் அந்த வருசங்களுக்கு 'இருண்ட காலம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் கோயிலுக்குக் கூரை இல்லை. ஓடும் மரமும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து உதவி வந்தது. முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்வாங்கு செய்தார்கள். காணிவீட்டார் தங்கள் குடும்ப வாங்கு முதலில் எழும்பவேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். நல்ல பாலை மரம், கைபிடியில் பேர் வெட்டியிருந்தது. அந்த மாரி முழுக்க வாங்கு நனையாதபடி தறப்பாளால் சுற்றிக் கட்டியிருந்தது. ஆராதனைக்கு வந்த நாங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். உன் அப்பா அதைப் பார்த்து, "ஊருக்கு வந்தவையில வாங்குக்குத்தான் முதல்ல வீடு கிடைச்சிருக்கு" என்றார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும். எனக்கு வராது.

இனி அந்தக் காத்திருப்பு. நீ அதற்குள்ளேயே வளர்ந்ததால் உனக்கு அது காற்றும் வெயிலும் மாதிரி. வெளியில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது எவ்வளவு வெட்கங்கெட்ட விசயம் என்று தெரியும். முன்வாங்குக் குடும்பத்தில் இன்றைக்குத் தீவில் ஒரு குஞ்சும் இல்லை. ஆனாலும் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது ஒருவரும் எழும்ப மாட்டார்கள். ஆளில்லாத அந்த வாங்கின் முறை நடக்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை மனதுக்குள் ஒருதரம் ஆறுதலாகச் சொல்லுகிற நேரம் எடுக்கும். அதன் பிறகு மாஸ்டர் தொண்டையைச் செருமுவார், இரண்டாம் வாங்கு எழும்பும். இடையில் ஒரு புதுக் குரு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார், இளம் ஆள். முதல் ஞாயிறு அப்படியே நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மாஸ்டர், ஒருத்தரும் வராயினமோ?"

"அவையின்ர முறை, ஐயா."

"ஆற்ற முறை?"

"காணிவீட்டாற்ற."

"அவையள் எங்க?"

"ரொறொன்ரோவில."

குரு கிண்ணத்தைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார். "அப்ப?"

"கொஞ்சம் பொறுங்கோ, ஐயா. முடிஞ்சிடும்."

அந்த மனிதர் அடுத்த ஞாயிறு கேட்கவில்லை. மூன்றாம் ஞாயிறு தானாகவே பொறுத்தார். படித்தவர்கள் எவ்வளவு கெதியாகப் பழகிக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கொரோனா வந்து, ஒரே கிண்ணத்தில் குடிக்கக்கூடாது, அப்பத்தைத் தோய்த்துக் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது நாடே பயந்து கிடந்தது. எங்கள் இரண்டாம் வாங்கின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுக்க மறுத்ததை ஒரு கிருமி கொண்டுவந்து கொடுத்துவிட்டது. நோய் அடங்கின பிறகு, கிண்ணத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று கடைசிவரை நின்றவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நான் அவர்களைப் பழித்துக்கொண்டே போகலாம், கை வலிக்காது. என்னைப் பற்றியும் எழுதவேண்டும். திடப்படுத்தல் முடிந்து நீ முதல் தரம் திருவிருந்துக்கு வந்த ஞாயிறு, உனக்குப் பதினாலு வயசு. வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. குரு வந்து நின்றார், ஒருவரும் எழும்பவில்லை, நீ எழும்பிவிட்டாய். இரண்டு எட்டு வைத்தும் விட்டாய். நான் எட்டி உன் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து இருத்தினேன். "அங்க ஒருத்தரும் இல்லையே, அம்மா" என்றாய். "இரு. முறை வரட்டும்" என்றேன். அவர்களுடைய சொல்லை அவர்களை விட நன்றாகச் சொன்னேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்ல பிள்ளையை வளர்க்கிறீர் என்பதுபோல. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க ஏலவில்லை.

இன்னொன்று. கோயிலின் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு நான் ஓடு போட்டுக் கொடுத்த வருசம், "நீர் இனி மூண்டாம் வாங்கில இருக்கலாம், பிள்ளை" என்று மாஸ்டர் சொன்னார். அதுவரை நான் கடைசி வாங்கில் கிளியக்காவோடு இருப்பேன். அவ என் கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போடுகிறவ, எழுத்து வாசிக்கத் தெரியாது. பாட்டு நம்பர் சொன்னால் நான் புத்தகத்தை விரித்து அவவின் மடியில் வைப்பேன். பாட்டெல்லாம் அவவுக்கு மனப்பாடம்தான், ஆனாலும் விரித்த புத்தகம் மடியில் இருக்கவேண்டும். மாஸ்டர் சொன்ன அடுத்த ஞாயிறு நான் எழும்பி மூன்றாம் வாங்கில் போய் இருந்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. "அங்க காத்து நல்லா வருதோ?" என்று அவ வாடியில் கேட்டா. வருது என்றேன். சில மாதத்தில் கிளியக்கா கோயிலை விட்டுவிட்டு, ஊர்காவற்றுறைப் பக்கம் கை தட்டிப் பாடுகிற மண்டபம் ஒன்றுக்குப் போகத் தொடங்கினா. சபைக் கூட்டத்தில் அதைப் பற்றி, "கள்ள உபதேசம் ஆடுகளைக் கொண்டுபோகுது" என்று பேசினார்கள். நானும் இருந்து கேட்டேன்.

ஏன் இன்னும் போகிறாய் என்று நீ ஒருதரம் கேட்டாய். உன் அப்பா அந்த உப்பு நிலத்தில்தான் புதைந்து கிடக்கிறார் என்று சொன்னேன். அது பாதிதான். மிச்சப் பாதி, நான் வராமல் விட்டால் மாஸ்டருக்கு நிம்மதியாக இருக்கும் என்பது. ஒரு மனிதனின் நிம்மதியைக் கெடுக்கிறதுக்காக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவளை எந்த வேதத்தில் சேர்ப்பது என்று நீதான் படித்துச் சொல்லவேண்டும்.

இனி உன் விசயம். நீ தொலைபேசி எடுத்ததற்கு முதல்நாள் பின்னேரம் மாஸ்டரும் ரீச்சரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இத்தனை வருசத்தில் அவர் எங்கள் படலையைத் தாண்டியது நாலைந்து தரம் இருக்கும். உன் அப்பாவின் செத்தவீட்டுக்கும் வந்தார். ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். வற்புறுத்தினால், "சோடா இருந்தாத் தாரும்" என்பார். சோடா மூடியோடு வரும், போத்தலோடு குடித்துவிட்டுப் போகலாம், என் வீட்டுக் கோப்பை அவர் உதட்டில் படாது. வெளியூரான் பார்த்தால், வீட்டுக்காரிக்கு வேலை வைக்காத நல்ல மனிதர் என்று நினைப்பான். தீவில் பிறந்தவளுக்கு விளங்கும். அன்றைக்கும் வழக்கம்போல, "தேத்தண்ணி போடட்டோ, சோடா எடுக்கட்டோ?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணியே போடும், பிள்ளை. பால் வேண்டாம். பிளேன்ரீ" என்றார்.

நான் குசினிக்குள் போனேன். அலுமாரியில் இருந்த புதுக் கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். இஞ்சி தட்டிப் போட்டேன். ரீச்சர் தனக்குச் சீனி வருத்தம் என்று கோப்பையைத் தொடவில்லை. மாஸ்டர் குடித்தார், அடிவரைக்கும் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு, "உம்மட பெடியனை இஞ்ச போட யோசிக்கினமாம்" என்றார்.

"எங்க, மாஸ்டர்?"

"இஞ்சதான். எங்கட சபைக்கு."

எனக்கு அதுதான் முதல் செய்தி. "நல்ல விசயந்தானே" என்றேன்.

"நல்ல விசயந்தான், ஆர் இல்லையெண்டது? ஆனா அந்தப் படிப்புக்கு இது இடமே? பதினாலு பேரை வைச்சுக்கொண்டு அவர் என்ன செய்யிறது? கொழும்பில போட்டா நாளைக்கு ஆயராயும் வரலாம். நாங்கள் சபையாய் ஒரு கடிதம் குடுக்கிறம். தாய் நீரும் ஒரு கையெழுத்து வைச்சீரெண்டா இன்னும் நல்லம்."

கடிதத்தைத் தந்தார். சொந்த ஊரவர் ஒருவர் குருவாக வந்தால் சபைக்குள் மனத்தாங்கல் ஏற்படக்கூடும் என்றும், சபையின் வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு வெளியிடத்துக் குரு ஒருவரை நியமிக்கும்படியும் அழகான தமிழில் எழுதியிருந்தது. வளர்ச்சி என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. கொழும்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் அதை முழுக்க வாசித்தேன், மகனே. வாசிக்காமல் வைத்தேன் என்று உனக்குச் சொல்லி ஆறுதல் தேட மாட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று விளங்கியது. ஆனால் எனக்கு முன்னால் ஒரு வெறுங்கோப்பை இருந்தது. இந்த மனிதர் என் வீட்டில் குடித்துவிட்டார், இனி என்ன, எல்லாம் முடிந்தது என்று மனசு சொன்னது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்காதவள், அந்தப் பேனையை வாங்கி ஐந்தாவதாகக் கையெழுத்து வைத்தேன். பனி விழ முதல் கருவாட்டை மூடவேண்டும் என்று அவர்களை வழியனுப்பிவிட்டு வாடிப் பக்கம் போனேன். வாடிக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் கிடுகு வேலி மட்டும்தான். அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துபோனார்கள்.

"இஞ்சேருங்கோ, என்னெண்டு குடிச்சனீங்கள்?" இது ரீச்சர்.

"குடிக்காட்டிக் கையெழுத்து வைப்பாளே?"

"எனக்கெண்டா தொடவே மனம் வரேல்லை. சீனியெண்டு சொல்லித் தப்பினன்."

"சும்மா வாரும். அவன் வந்தா ஞாயிறுக்கு ஞாயிறு அவன்ர கையால வாங்கிக் குடிக்க வேணும். இது ஒருக்காத்தானே."

நான் சாக்கை இழுத்துக் கருவாட்டை மூடினேன். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம், அதுவும் அவர்களை நினைத்தல்ல.

அடுத்தநாள் பத்து மணிபோல மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டார், உள்ளே கூப்பிடவில்லை. என் பேரை வெட்டித் தாருங்கள் என்றேன்.

"கடிதம் காலமையே பதிவுத் தபாலில போட்டாச்சே, பிள்ளை."

"அப்ப இன்னொண்டு போடுவம்."

"என்னெண்டு?"

"மாஸ்டர் என்ர வீட்டில ஒரு பிளேன்ரீ குடிச்சவர், அதுக்கு நான் பெத்த பிள்ளையைக் குடுத்தனான் எண்டு."

அவர் முகம் வெளிறியது. வேலி அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். "நீர் விளங்காமல் கதைக்கிறீர்" என்றார். உள்ளே பார்த்து, "இஞ்ச ஒரு சோடா கொண்டுவாரும்" என்று ரீச்சருக்குச் சத்தம் போட்டார். நான் எழும்பி வந்துவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம்தான் நீ எடுத்தாய், அந்தச் சந்தோசக் குரலோடு. நான் என்ன சொல்வது?

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கும்போது, வராதே, இந்தப் பதினாலு பேருக்கு உன் சீவியத்தைக் கொடுக்காதே என்று எழுதத்தான் நினைத்தேன். அவர்களுக்கு நீ அதிகம். அதை நான் தாய் என்றபடியால் சொல்லவில்லை, சரக்குத் தெரிந்தபடியால் சொல்கிறேன். ஆனால் நீ வராவிட்டால் மாஸ்டர் அந்த ஒரு பிளேன்ரீயைக் குடித்தது சரியாகிவிடும். அதை என்னால் தாங்க ஏலாது. போன ஞாயிறு அந்தக் காத்திருப்பு வந்தபோது, இன்றைக்கு எழும்பிப் போய்விடுவது என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு போனேன். குரு வந்து நின்றார். என் கால் எழும்பவில்லை. வாயால் எல்லாம் செய்கிறவள், முழங்காலால் ஒன்றும் செய்ய ஏலாமல் மற்றவர்களைப் போல இருந்தேன். ஆகவே உனக்கு வீரம் படிப்பிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. வியாபாரியாக ஒன்று மட்டும் சொல்கிறேன். வந்தால் முதல் ஞாயிறே பிரசங்கத்தில் இதைத் தொடாதே. பேசினால் அவர்கள் பதில் பேசுவார்கள், பேச்சில் அவர்கள் நூறு வருசம் பழகியவர்கள். நீ காத்திருக்காமல் விடு, அது போதும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, யார் உன் கண்ணுக்குக் கிட்ட இருக்கிறார்களோ அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடு. மாஸ்டர் வராமல் நிற்பார். நின்றால், வருத்தமாய்க் கிடக்கிறவரைப் பார்க்கப் போவது போல அவர் வீட்டுக்கே போ. உள்ளே போய் இரு.

நான் ஆயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, நடந்ததை நடந்தபடி போட்டிருக்கிறேன். அவர் அதை நம்புவாரோ, கிழவிக்குப் பிள்ளைப் பாசம் என்று வைத்துவிடுவாரோ தெரியாது. எப்படியும் உன்னைக் கூப்பிடுவார். சபையின் கடிதத்தைக் காட்டி, "உம்மட அம்மாவே விரும்பேல்லையே" என்பார். என்னைக் காப்பாற்றுவதற்கு நீ ஒன்றும் சொல்லாதே. வயசு போனவ, விளங்காமல் வைத்துவிட்டா என்று சொல்லாதே, விளங்கித்தான் வைத்தேன். "அம்மா என்னை ஒரு பிளேன்ரீக்கு விட்டுக்குடுத்தவ, இப்ப திருப்பிக் கேக்கிறா" என்று சொல். அவர் சிரித்தால் நல்லது. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, என்னை அங்கேயே அனுப்புங்கோ என்று உன் வாயால் கேட்டுவிட்டு வெளியில் வா.

அம்மா